வாத்தியாரைக் கூப்பிட்ட விமானி

இரண்டாயிரத்து மூன்றில், மழை பொய்த்த கோடை ஒன்றில், வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போனேன். அப்போது பெரம்பலூரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்ப்பவர்கள் மலைச்சரிவில் ஓர் இரும்புத் தகட்டைக் கண்டெடுத்திருந்தார்கள். போர்க்காலத்தில் விழுந்த குண்டுவீச்சு விமானத்தின் துண்டு என்று தகவல். ஒரு சின்னப் பெட்டிச் செய்திக்கு ஆகும் என்று பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் போர்வெல் போடும் லாரிகள் நின்றன. குழாயிலிருந்து தண்ணீருக்குப் பதில் வெள்ளைப் புழுதி பீறிட்டு, பக்கத்துக் கொல்லைப் பருத்தியின்மேல் படிந்துகொண்டிருந்தது. விமானம் விழுந்த சரிவை ஊரில் கப்பக்காடு என்றார்கள். ஆகாயக் கப்பல் விழுந்த காடு. அங்கே யாரும் விறகு பொறுக்குவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு முள் அதிகம் என்றார்கள். முள் எல்லாப் பக்கமும்தான் இருந்தது.

நேரில் பார்த்தவர் என்று ஒரு பெரியவர் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் அவருடைய மருமகள் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார்.

“இங்கிலீஷ் தெரியுமா சார்?” என்று என்னைக் கேட்டார். ஓரளவு தெரியும் என்றேன். “அப்ப ஒக்காருங்க. இன்னிக்கு வுடமாட்டாரு.”

மாமனார் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு திரிகிறாராம். இங்கிலீஷ் படித்தவர் யார் வந்தாலும் அதற்கு அர்த்தம் கேட்பாராம். கரண்ட் கணக்கெடுக்க வந்தவரைக்கூட விடவில்லை. அவர் ‘மீட்டர்’ என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப்போனார் என்று மருமகள் சிரித்தார். திண்ணையில் இருந்த பெரியவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன். ஒரு விடியற்காலையில் மலையில் பெரிய சத்தம். ஊரே ஓடியது. மேலே விமானம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் கருகிப்போயிருந்தார்கள். ஆறாவது ஆள் கீழே ஓடைக்கரையில், பாராசூட் துணி சுற்றிக் கிடந்தான். உயிர் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்கள். இவன் ஜப்பான்காரன்தான் என்று யாரோ சொன்னதும் கூட்டம் இருபது தப்படி தள்ளி நின்றுவிட்டது. இவருக்கு அப்போது மீசை அரும்பிய வயது. இவர் மட்டும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அந்த ஆள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“வாத்தா, வாத்தான்னான். வாத்தியாரத்தான் கேக்குறான், அவரு ஒருத்தருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்னு நெனச்சேன்.”

கூட்டமும் அதையே நினைத்தது. வாத்தியாரைக் கேட்கிறான் என்றால் ஜப்பான்காரன் இல்லை, நம் சர்க்கார் ஆள்தான் என்று நிம்மதிப்பட்டார்கள். வாத்தியார் இரண்டு மைல் தள்ளி அடுத்த ஊரில் இருந்தார். இவர் ஓடினார். துரையிடம் பேசவேண்டும் என்பதால் வாத்தியார் கோட்டுத் தேடிப் போட்டுக்கொண்டு, குடையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது விமானியின் வாயோரம் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னர் பட்டாள லாரி வந்து ஆறு பேரையும் எடுத்துப்போனது.

இத்தனை வருஷமும் அதைப் பெருமையாகவே சொல்லிவந்திருக்கிறார். அண்மையில் கண் ஆஸ்பத்திரிக்காகப் பெரம்பலூர் போனவர், பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பஸ் பஸ்ஸாக ஏறி “வாட்டர், வாட்டர் பாக்கெட்” என்று கூவி விற்றதைக் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அதன்பிறகுதான் இந்த விசாரணை.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் மட்டும், சாகும்போது அப்பாவைத்தான் கூப்பிட்டிருப்பான், ‘ஃபாதர்’ என்று சொல்லியிருப்பான் என்று சொன்னாராம். அந்தப் பதிலில் கொஞ்ச நாள் தூங்கியிருக்கிறார்.

“நீங்க சொல்லுங்க தம்பி. அப்பாவா, தண்ணியா?”

நான் யோசித்திருக்க வேண்டும். சரிபார்க்க ஒரு வழி இருந்தால் அதை விடாத பழக்கம் எனக்கு. ஃபாதர் என்று சொல்ல மேல்பல் கீழுதட்டில் படவேண்டும். வாட்டர் என்பதை வெள்ளைக்காரர்கள் உதட்டைக் குவித்துத்தான் தொடங்குவார்கள். அவன் வாய் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உதட்டைக் குவித்தார். சீழ்க்கை அடிக்கப்போகிறவர்போல. பல் படவில்லை. சத்தமில்லாமல் மூன்று முறை செய்து காட்டினார். நான் எழுதுவதை நிறுத்தியதை அவர் கவனித்துவிட்டார்.

“தண்ணிதானே?”

“ஆமாங்க.”

“அப்பனத்தான் கூப்புட்டிருப்பான் மாமா, அந்த நர்ஸம்மா சொல்லிச்சுல்ல” என்றார் மருமகள். அரிவாள்மணையில் அவர் கை நின்றிருந்தது.

பெரியவர் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னிடம்தான் பேசினார்.

“ஊத்துலேந்து தண்ணி கொண்டாந்த பொம்பளைங்க நாலு பேரு அங்கதான் நின்னாங்க தம்பி. இடுப்புல நெறகுடம். நான் திரும்பி வர்ற வரைக்கும் எறக்கி வைக்காம நின்னாங்க. மூணு பேரு போய்ச் சேந்துட்டாங்க. ஒருத்தி மேலத்தெருவுல இருக்கா. அவளுக்குப் பேப்பர் படிச்சுச் சொல்ல ஆளு இருக்கு.”

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

அன்று மாலை செய்தியை அனுப்பினேன். விமானம் மலையில் மோதிய உடனேயே ஆறு பேரும் இறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். உதவி ஆசிரியர் போனில் கூப்பிட்டார். நேரில் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா, இரண்டு வரி பேச்சுக் கிடைக்குமா என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன்.