அவர் மாற்றி வைத்திருந்த மவுஸ்

"போட்டோவும் டாகுமெண்ட்டும் போதும்" என்று கணினி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் ஏன் அத்தனை அவசரமாகச் சொன்னேன்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் இடது கைக்காரர். வீட்டுக் கணினியில் மவுஸின் இரண்டு பட்டன்களையும் இடம் மாற்றி வைத்திருந்தார். அம்புக்குறியைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கியிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் தவறாக அழுத்திவிட்டு எரிச்சல்படுவேன். "உங்க வலது கை ராஜ்யமெல்லாம் வெளியிலதான் மேடம்" என்று சிரிப்பார். எங்கள் ஐந்து வயது மகள் அவர் மடியில் உட்கார்ந்து பழகியவள். அவளுக்கு மவுஸ் என்றாலே இடது கைதான்.

போன மாதம் கணினி திறக்க மறுத்தது. நாங்கள் இருப்பது அந்தமானில். பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் மடியில் வைத்துக்கொண்டே கொண்டுபோய், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ஒரு கடையில் கொடுத்தேன். "எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணணும்க்கா. என்ன வேணும்னு சொல்லுங்க, எடுத்து வெக்கறேன்" என்றார். சொன்னேன். படங்கள் ஒன்றுகூட விடாமல் திரும்பி வந்தன.

வீட்டில் மகள் மவுஸைப் பிடித்தாள். "அம்மா, உல்டா ஆயிடுச்சு! அப்பா மவுஸ் எங்க?"

கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன்.

"அதெல்லாம் டாகுமெண்ட்ல இருக்காதுக்கா. ஒவ்வொரு யூசருக்கும் மறைவா ஒரு ஃபைல் இருக்கும். ரெஜிஸ்ட்ரிம்பாங்க, செட்டிங் பூரா அதுலதான். பட்டன் மாத்தியிருந்தா 1, இல்லேன்னா 0. பழசு போயிடுச்சு. நீங்களே மாத்திக்கோங்க, ஏக் மினிட் கா காம், ஒரு நிமிஷ வேலை. செட்டிங்கை நெட்ல காப்பி எடுத்து வெக்கற சிங்க்கைப் போட்டு வெச்சிருந்தா, அங்கயாவது இருந்திருக்கும்."

சிங்க்கை அணைத்தவள் நான்தான். தீவுக்குக் கடலடி இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முன், நெட் ஊர்ந்துகொண்டிருந்த நாட்களில், டேட்டா தீர்ந்துவிடுமே என்று பயந்தேன். "இருக்கட்டும் விடேன்" என்று அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. பிறகு வேகம் வந்தது, திரும்பப் போட மறந்துவிட்டேன். நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். அப்படிச் சொல்லிக்கொண்டாலும் மனம் ஆறவில்லை.

மகள் இப்போது கணினிப் பக்கமே வருவதில்லை. செட்டிங்ஸைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் போடும் 1-க்கும் அவர் போட்டதற்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். "அப்பா மவுஸ் வந்துடுச்சு" என்று அவளைக் கூப்பிடலாமா? அது பொய்யாகிவிடாதா? "அம்மாதான் மாத்தினேன்" என்றால், அப்பா வைத்தது எங்கே என்று கேட்பாளே.

சின்னப் பிள்ளையிடம் இப்படி ஒன்றைச் சொல்லவேண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.