பி.ஏ.வுக்குப் பன்னிரண்டு ரூபாய்

ஒண்ணாம் வகுப்பு வாத்தியாருக்குத் தொண்டைதான் மூலதனம். அது தேயத் தேயச் சம்பளம் ஏறும் என்று நம்பிச் சேர்ந்த அப்பாவிகளில் நானும் ஒருத்தன். சாக்பீஸ் தூசி தின்றவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மேனேஜர் கேட்ட காகிதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. பி.ஏ. முடித்து ஒரு வருஷம் வெட்டியாகத் திரிந்தவன், இராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்தில் ஆரம்பப் பள்ளிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பட்டத்தைப் பெருமையாக விரித்தேன். மேனேஜர் அதை ஓரமாக வைத்துவிட்டு, வாத்தியார் ட்ரெயினிங் சர்டிபிகேட் எங்கே என்றார். அது என்னிடம் இல்லை. அப்படியானால் மாசம் பன்னிரண்டு ரூபாய் என்றார். எட்டாம் வகுப்போடு ட்ரெயினிங் முடித்த ஞானம் டீச்சருக்கு அங்கே இருபது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இது நியாயமா என்று கேட்டேன்.

“சர்க்கார் ட்ரெயினிங்குக்குத்தான் கிராண்ட் பணம் குடுக்கான். ஒம்ம பி.ஏ.வுக்கு நான் பருத்தி வித்தா குடுக்க?”

புளியங்கொட்டை

முதல் நாள் போர்டில் ‘அ’ எழுதி, எழுத்தின் பெருமையை ஒரு மணி நேரம் முழங்கினேன். பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டன. நடுவில் தடுத்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் ஞானத்தின் வகுப்பு. ஒரு பனையோலைக் கொட்டான் நிறையப் புளியங்கொட்டையோடு வந்தாள். தரையில் பெரிதாக ‘அ’ எழுதி, அதன் மேல் பிள்ளைகளைக் கொட்டை அடுக்கச் சொன்னாள். தூங்கினதுகள் எல்லாம் எழுந்து வந்துவிட்டன. போகும்போது என் பக்கம் திரும்பினாள்.

“செத்த நேரம் சும்மா இருங்க சார், அதுகளே படிச்சிரும். நீங்க பேசுதது மதுரைக்குக் கேக்குது.”

சம்பளப் பதிவேடு

பிள்ளைகளுக்கு எழுத்து வந்தது. எனக்கு அவள் மேல் ஆசை வந்தது. ஆள் விட்டுப் பெண் கேட்டேன். அவள் அப்பா என்னையே கூப்பிட்டு, இராஜபாளையத்து மில் ஆபீஸில் பி.ஏ.வுக்கு முப்பது ரூபாயாம், அங்கே சேர்ந்தால் பேசலாம் என்றார். பள்ளிக்கூடமே போதும் என்று இழுத்தேன்.

“சம்பளப் பதிவேட்டுல எம் மவளுக்குக் கீழ கையெழுத்துப் போடுத மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்.”

திங்கள்கிழமை

மில்லுக்குப் போனேன். திங்கள்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் மாரியம்மா என்கிற சிறுமி முதல் தடவையாகத் தன் பேரைக் கொட்டையால் அடுக்கினாள். யாராவது மிதித்துவிடுவார்கள் என்று மத்தியானச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்காமல் காவல் இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு எந்த மில்லில் போய் உட்கார?

திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துக்கே போனேன். ஞானத்திடம் ஒளிக்காமல் சொன்னேன்: மில்லுக்குப் போகவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டாம் வகுப்பு முடித்த பையன்களோடு உட்கார்ந்து ட்ரெயினிங் படிக்கப் போகிறேன், ரெண்டு வருஷம் சம்பளம் கிடையாது, உங்க அய்யா சம்மதிக்க மாட்டார். அவள் வருகைப் பதிவேட்டை மூடாமலே பேசினாள்.

“போயிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை நீங்க அழுததைத் தட்டி வழியாப் பாத்ததுமே, மில்லுக்கு இல்ல, ட்ரெயினிங்குக்குத்தான் போவீங்கன்னு தெரிஞ்சிட்டு. அம்புட்டு நாளும் என் இருபது ரூவாயில ரெண்டு பேருக்குச் சோத்துக்கு ஒலை வைக்கலாம்னு நேத்தே அய்யாட்ட சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிட்டேன்.”

இப்போது எங்கள் வீட்டில் ட்ரெயினிங் சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது, பி.ஏ. பட்டம் புளியங்கொட்டைக் கொட்டானுக்கு மூடியாக இருக்கிறது.