அம்மாவுக்கு எழுதாத நாலு வரி

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். பிள்ளைகளை எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் வீட்டில் கிடந்த கவிதைப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு கவிதையை வாசிப்போம், பிறகு நீங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பற்றி எழுதுங்கள் என்பேன். பாதிப்பேர் கண்ணால் பார்க்காத கடலைப் பற்றி எழுதினார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி மட்டும் தகரக் கூரையில் விழும் மழையையும், கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாவின் விரல் கறையையும் எழுதினாள். அன்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் தோட்டத்தில் கவிதைக்கு வேலை சாவு வீட்டில்தான். யாராவது இறந்தால் ரோட்டோரம் கண்ணீர் அஞ்சலி பெனர் கட்ட வேண்டும். படத்துக்குக் கீழே நாலு வரி வேண்டும். அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இதற்கா இத்தனை புத்தகம் சுமந்தேன் என்று முணுமுணுத்தேன்.

"பாவம்ங்க டீச்சர், அழுதுகிட்டே வந்து கேக்குறாங்க" என்றாள்.

பக்கத்து லயத்தில் ஒரு தாய் இறந்தபோது அவள் எழுதிக் கொடுத்தது இப்படித் தொடங்கும்:

"தாலாட்டுப் பாடிய குரலெங்கே தாயே,
தூங்காமல் கிடக்கிறோம் உன் பிள்ளைகள் நாங்கள்."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

சென்ற வருடம் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி அவளுடைய அம்மா இறந்துபோனார். லொறியில் ஏற்றுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் நான் போனபோது பெனர் கட்டியாகிவிட்டது. கீழே அதே தாலாட்டு வரிகள். பக்கத்து லயத்துப் பெனரில் இருந்ததை எடுத்து, பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"இந்த நேரத்துல அந்தப் புள்ளகிட்ட போயி எழுதிக் குடுன்னு கேக்க மனசு வருமாங்க டீச்சர்?" என்றார் தோட்டத் தலைவர். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா ஒருநாளும் தாலாட்டு பாடுனதில்லீங்க டீச்சர். அது அவங்க வீட்டு அம்மா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பேன்."

வெளியே தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். என்னம்மா எழுதியிருப்பாய் என்று அப்போதாவது நான் கேட்டிருக்கலாம். எனக்கும் மனசு வரவில்லை.