பாப்பா, அம்மாகிட்ட குடு

என் குரல் பதிமூன்று வயதிலேயே நின்றுவிட்டது. ஆள் வளர்ந்தேன், பி.காம். முடித்தேன், செங்கல்பட்டில் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலைக்கும் சேர்ந்தேன். குரல் மட்டும் எட்டாம் வகுப்பு பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் வேலையோ போனில் சிலிண்டர் புக்கிங் எடுப்பது. நான் "ஹலோ" என்றால் போதும், எதிர்ப்பக்கத்திலிருந்து தவறாமல் வரும்: "பாப்பா, அம்மாகிட்ட குடு." அம்மா இல்லையென்றால் அப்பா, அப்பாவும் இல்லையென்றால் பெரியவங்க யாராவது. கருங்குழி அரிசி மண்டிக்காரரும் அதைத்தான் சொல்வார், கோர்ட்டு வக்கீலும் அதைத்தான் சொல்வார், குடித்துவிட்டுப் பேசுகிறவனும் அதையேதான் சொல்வான். "நான்தாங்க பெரியவ, நம்பரைச் சொல்லுங்க" என்று வள்ளென்று விழுவேன். எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷி பாப்பாவாகவே இருப்பது?

அந்த வேலை எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தது சந்தேகப்படுவதை. சிலிண்டர் தட்டுப்பாடாக இருந்த காலம். முன்கூட்டி வாங்குவதற்காக ஒரே வீட்டில் வருஷத்துக்கு மூன்று கல்யாணம் நடத்துவார்கள். வளைகாப்பு என்பார்கள், யாருக்கு என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் யார் எதைச் சொன்னாலும், இந்த ஆள் இதை ஏன் இப்போது சொல்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். இன்றைக்கும் அப்படித்தான்.

பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கிற அக்கா. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை, ஒரே பெண், எட்டாவது படித்தது. மத்தியானம் நாங்கள் இருவரும் டப்பாவைத் திறந்து பாதிப் பாதி மாற்றிக்கொள்வோம். அக்காவுக்கு ஒரு தீராத குறை, அவள் வீட்டு போன். மணி அடிக்கும், இவள் எடுத்தால் பேச்சு வராது, வைத்துவிடுவார்கள். "எடுத்தா கட் ஆவுது. இன்னா எக்ஸ்சேஞ்ச் வெச்சிகினு கீறானுங்களோ" என்று சாதத்தைப் பிசைந்துகொண்டே திட்டுவாள். லைன்மேன் வந்து வயரை மாற்றினார். பிறகு போனையே மாற்றினார். ஒன்றும் சரியாகவில்லை. பிளாங்க் கால் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் வந்ததுதான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் குரலால் ஒரே ஒரு லாபம் இருந்தது. உள்ளூர் கேபிள் டிவியில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு, "அம்மா, எனக்கு இந்தப் பாவாடை" என்று கொஞ்சுகிற குழந்தை நான்தான். அதைக் கேட்டுவிட்டுத்தான் சென்னையிலிருந்து ஒரு டிவி தயாரிப்பாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இன்டர்நெட்டில் சின்னப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துக் கெடுக்கிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டப்போகிறாராம். பதிமூன்று வயதுப் பெண் மாதிரி நான் சாட்டில் பேச வேண்டும், போனில் பேச வேண்டும். வருகிறவன் கேமராவில் மாட்டுவான்.

அவர் பேசிய பேச்சில் பிள்ளைகள் ஒரு தடவை வந்தார்கள், ஒளிபரப்பு நேரம் ஏழெட்டுத் தடவை வந்தது. எனக்கு அப்போதே உறுத்தியது. நிபந்தனை போட்டேன். வயதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நாமாக யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது. வருகிறேன் என்பவனுக்கு ஒரு தடவையாவது திரும்பிப் போக வழி விட வேண்டும். எல்லாவற்றுக்கும் "டன் மேடம், டன் மேடம்" என்று தலையாட்டினார். அவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறவரை நம்ப முடியுமா? நான் நம்பவில்லை. ஆனாலும் போனேன். என்னைப் பாப்பா ஆக்கிய குரல் நாலு நிஜப் பாப்பாக்களுக்காவது உதவட்டுமே என்ற ஆசைதான்.

ஆபீஸ் முடிந்து சாயங்காலம் கேபிள்காரரின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். செங்கல்பட்டு என்று பேர் போட்ட சாட் அறை ஒன்று இருந்தது. வயதைச் சொன்னதும் சிலர் "போய்ப் படிம்மா" என்று சொல்லிவிட்டு விலகினார்கள். ஒரு ஆள் விலகவில்லை. எந்த ஸ்கூல், யாரோடு இருக்கிறாய், வீட்டுப்பாடம் கஷ்டமா என்று தினமும் வந்தான். நல்லவன் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

ஒரு நாள் பழைய பேச்சை மேலே தள்ளிப் படித்துப் பார்த்தேன். பகலில், நான் கேஸ் ஆபீசில் இருக்கிற நேரத்தில், என் பேரில் வேறு யாரோ அடித்திருந்தார்கள். எந்தப் பிள்ளையின் வாயிலும் வராத வார்த்தைகள். வாங்க, வாங்க என்று ஒரே அழைப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தயாரிப்பாளரை நிற்கவைத்துக் கேட்டேன். "ஆள் ஸ்லோவா போறான் மேடம். கொஞ்சம் இழுத்தாத்தானே எபிசோட் வரும்?" என்றார், வெட்கமே இல்லாமல்.

இதற்குத்தான் நான் பயந்தேன். பிள்ளையே கூப்பிட்டாலும் பெரியவன் போகக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே கூப்பிட்டது பிள்ளை இல்லை, மீசை வைத்த ஒரு ஆள். இப்படி இழுத்து வந்தவனைக் காட்டி இவன் பொல்லாதவன் என்றால், அவன் பொல்லாதவனா அல்லது இவர்கள் அப்படி ஆக்கிவிட்டார்களா என்று நாளைக்கு எவனாவது கேட்பான். கேட்டால் பதில் இருக்காது. நிஜமாகவே பொல்லாதவனும் அந்தச் சந்து வழியாகவே தப்பித்துப் போய்விடுவான்.

நான் ஒரே பிடியாக நின்றேன். அந்த ஆளோடு போனில் நான்தான் பேசுவேன், யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது, டேப் ஓட வேண்டும். ஒத்துக்கொண்டார். அதற்கென்று வாங்கிவைத்த நம்பருக்கு அவன் கூப்பிட்டான். எடுத்ததும் நான் கேட்டது ஒன்றுதான்:

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க அங்கிள். குடுக்கட்டுமா?"

செங்கல்பட்டு தாலுகாவே என்னிடம் கேட்ட விஷயம் அது. குடு என்று சொல்லியிருந்தால், ஏம்மா உங்க பொண்ணு கண்டவங்களோட சாட் பண்ணுதே, பாத்துக்கக் கூடாதா என்று கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே வேலையை உதறிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவன் போனை வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது. "அம்மா போயிட்டாங்களா?" என்றான், குரலைத் தாழ்த்தி. போய்விட்டார்கள் என்றேன். "நான் போன் பண்ணதை அம்மாகிட்ட சொல்லாத, சரியா? கேட்டா ராங் நம்பர்னு சொல்லிடு."

அவன் நல்லவனாகவும் இருக்கலாமோ என்று அதுவரை எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் ஓடிப்போயிற்று. இதை எவரும் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. வழி திறந்துதான் இருந்தது, அவனே சாத்திக்கொண்டான்.

மாமல்லபுரம் தாண்டி, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு வீடு பிடித்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவுக்குப் பின்னால் நின்று நான், "உள்ள வாங்க அங்கிள்" என்றேன். நாற்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, கையில் சாக்லேட் டப்பா. விளக்கும் கேமராவும் அறையிலிருந்து பாய்ந்ததும், "பொண்ணுக்குப் புத்திமதி சொல்லலாம்னு வந்தேன்" என்றான். ஓர் உயிருக்குப் புத்தி சொல்ல திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி வந்த புண்ணியவான். தயாரிப்பாளர் மைக்கை நீட்டிக் கத்தினார். அதன்பிறகுதான் போலீஸ் வந்தது.

ஒளிபரப்பைக் கேபிள்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பகலில் இவர்கள் அடித்த வார்த்தைகளைப் பெரிய எழுத்தில், இசை போட்டுக் காட்டினார்கள். என் போன் பேச்சு வரவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஆள் போனை வைக்கிற சீனில் என்ன இருக்கிறது என்றார் தயாரிப்பாளர். டேப் எங்கே என்றால், அதன் மேலேயே அடுத்த எபிசோட் எடுத்தாகிவிட்டதாம்.

மறுநாள் ஆபீசுக்குப் போனால் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. டிவியில் என் முகத்தை மறைத்திருந்தார்கள், குரலை எப்படி மறைப்பது? அந்த ஆள் அவள் பெண்ணுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிற சார். செங்கல்பட்டு அவ்வளவு சின்ன ஊர். "தங்கமான மனுஷன். ஆசை காட்டி இஸ்துகினு போய் மாட்டிவுட்டுட்டீங்க" என்றாள். என்ன சொல்ல வந்தாலும் காது கொடுக்கவில்லை. அன்றிலிருந்து டப்பாவைத் தனியாகத் திறந்தாள்.

வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. இதற்கென்று தனிச் சட்டமும் அப்போது கிடையாது. அவன் வக்கீல் டிவியில் வந்த வார்த்தைகளையே படித்துக் காட்டினார், கூப்பிட்டது யார் என்று கேட்டார். நான் போன் விஷயத்தைச் சொன்னேன். டேப் எங்கே பாப்பா என்றார், எல்லோரும் சிரித்தார்கள். சில மாதத்தில் அந்த ஆள் வெளியே வந்து, அதே தெருவில் டியூஷன் போர்டைத் திரும்பவும் மாட்டினான். ஊரும் பாவம் என்றது. தயாரிப்பாளர் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிலிண்டர் புக்கிங் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம், ஆபீசில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அக்கா வெகுநாள் கழித்து என்னிடம் பேசினாள், குத்துவதற்காகத்தான். "சார் வெளிய வந்துட்டாரு. நாளையிலேர்ந்து பொண்ணு டியூஷன் போவுது. நீ இன்னும் எத்தினி பேரை மாட்டிவுடப் போற?"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. டிவியில் வந்ததை விடுங்கக்கா, வராததைக் கேளுங்க என்று ஆரம்பித்து, இந்தத் தடவை நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டதும் போனை வைத்தான். பிறகு கூப்பிட்டு அம்மா போய்விட்டார்களா என்று கேட்டான். அம்மா கேட்டால் ராங் நம்பர் என்று சொல்லச் சொன்னான்.

அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இன்னா சொல்லச் சொன்னான்?"

"ராங் நம்பர்னு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த போனைப் பார்த்தாள். "நான் எடுத்தா கட் ஆவுது," என்றாள் மெதுவாக. "பொண்ணு எடுத்தா ராங் நம்பர்மான்னு சொல்லுது."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவன் ஜெயிலில் இருந்த மாதங்களில் அவள் வீட்டு போன் சரியாகிவிட்டது. புதுப் போன் நல்ல போன் என்று லைன்மேனைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாளாம், டெலிவரி ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் மறுபடி எக்ஸ்சேஞ்சைத் திட்ட ஆரம்பித்திருந்தாள்.

ரிசீவரை எடுத்து வீட்டுக்கு டயல் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டு பெண் தனியாக இருக்கிற நேரம். கேட்டுவிட்டு ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். லைன் எங்கேஜ்டாக இருந்தது. பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

மறுநாள் அவள் கேமரா எதுவும் இல்லாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறியதும், அவள் கொடுத்த வழக்கு கோர்ட்டில் நின்றதும் பிறகு நடந்தவை. அன்று சாயங்காலம் அக்கா ஆட்டோ பிடித்துப் போய்க்கொண்டிருக்கையில், நான் அவள் வீட்டுக்கு டயல் செய்துகொண்டே இருந்தேன். எங்கேஜ்டு, எங்கேஜ்டு. பிறகு ஒரு வழியாக மணி அடித்தது.

"ஹலோ" என்றது அந்தப் பெண். அச்சு அசல் என் குரல்.

"பாப்பா, உங்கம்மா வந்துகினே இருக்காங்க," என்றேன். "இப்ப இவ்ளோ நேரம் போன்ல யாரு?"



"ராங் நம்பர்க்கா" என்றாள்.