வாசம் வராத வருடம்

காலையில் மனைவியின் மருந்துப் பெட்டியை நிரப்பியதும் கைபேசியில் பல்கலைக்கழக ஆராய்ச்சிச் செய்திகளைப் படிப்பேன். எலி என்ற சொல் எத்தனை முறை வருகிறது, நோயாளி என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவேன். எலி அதிகமென்றால் பாதியில் மூடிவிடுவேன். அவளுக்குப் பார்கின்சன் நோய். எலிகளைக் குணப்படுத்திய மருந்து எங்கள் மலையூர் தலைச்சோலைக்கு வந்து சேரும்வரை அவள் தாங்குவாளா என்பதே என் கவலை.

போன மாதம் படித்த ஒரு செய்தியில் எலியே இல்லை. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த நோய் சிலருக்கு முகரும் திறனைக் குறைத்துவிடுகிறதாம். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

எங்களுடையது சிறிய காப்பித் தோட்டம். பழத்தின் தோலை நீக்கித் தொட்டியில் ஊறவைப்போம். கொட்டையின் மேலுள்ள வழவழப்பு விட்டதும் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவும் நேரத்தைச் சொல்வது அவள்தான். ஒரு கை அள்ளி முகர்வாள். லேசாகப் புளிப்பு வாசம் எட்டினால் கழுவச் சொல்வாள். தாமதித்தால் சரக்கு கெட்டுவிடும்.

ஒரு வருடம் அவள் முகர்ந்து பார்த்து, "இன்னும் வாசம் வரலீங்க, ஊறட்டும்" என்றாள். மதியத்துக்குள் புளித்த நாற்றம் ரோடு வரை வந்துவிட்டது. ஒண்டிக்கடை முக்கில் எங்கள் சரக்கை வாங்கும் வியாபாரி பாய் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று விலக்கினார்.

"ஏனுங்கக்கா, காப்பி கேட்டா ஊறுகாய் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அடுத்த தொட்டியும் அப்படியே போனது. அதன்பின் அவள் தொட்டிப் பக்கமே போகவில்லை. யார் கேட்டாலும், "எனக்குப் பொறுப்பு பத்தல, நானே கெடுத்துப் போட்டேன்" என்பாள். நடுக்கம் வந்த பிறகும் அதைச் சொல்வது நிற்கவில்லை.

அந்தப் பழியையாவது இறக்கி வைக்கலாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மிணி, தொட்டி புளிச்சது உன்ற தப்பில்ல. இந்த நோய் முதல்ல மூக்கைத்தான் புடிக்குமாம். அப்பவே உனக்கு வந்திருக்கும் போல."

அவளுக்கு இப்போதெல்லாம் சொற்கள் மெதுவாகத்தான் வருகின்றன.

"அப்ப நான் கெடுக்கலீங்களா?"

"இல்ல."

"பாய்கிட்டச் சொல்லோணுங்க. நொம்பச் சிரிச்சாரு அன்னிக்கு."

நோயால் முகத்தில் சிரிப்பு தெரியாவிட்டாலும் குரலில் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அவள் கேட்டாள்: "அப்பவே தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கலாமுங்களா?"

"நிறுத்தற மருந்து இன்னும் வரல, அம்மிணி. தேடிட்டுத்தான் இருக்காங்க."

அவள் தலையசைத்தாள். மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா நம்ம புள்ள கல்யாணத்தப்பவே அது எனக்குள்ள இருந்துச்சுங்களா? அன்னிக்குத்தானுங்க நான் நல்லா இருந்தேன்."

தொட்டி புளித்த அந்த அறுவடைக்கு அடுத்த வைகாசியில்தான் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் அவள் ஓடி ஓடிப் பரிமாறினாள். கணக்குப் போட எனக்கு நேரமே ஆகவில்லை.

"தெரியல அம்மிணி," என்றேன்.