ஆளில்லாத தெருக்களின் படங்கள்

புத்தளத்தில், புகையிரத நிலையத்துக்குப் போகும் தெருவில் என் மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் உடப்பிலிருந்து வந்து, அவர் வீட்டில் தங்கி, நான் அங்கே வேலை பழகினேன். யுத்தகாலம். அடையாள அட்டைப் படத்துக்குத்தான் ஆட்கள் வருவார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் எங்கள் பக்கம் வந்து முகாம்களிலும் வாடகை அறைகளிலும் தங்கிய பிறகு அந்தக் கூட்டம் இன்னும் கூடியது. மாமா படம் எடுப்பார், நான் இருட்டறையில் கழுவுவேன்; நாள் முழுக்க முகங்களையே கழுவி எனக்கு அலுத்துப் போயிருந்தது.

அப்போதுதான் மன்னார்ப் பேச்சுப் பேசிய ஒருவர் பிலிம் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நடுத்தர வயது, கூச்ச சுபாவம். இருட்டறையில் படங்கள் தெளிந்து வரவர எனக்கு விசித்திரமாக இருந்தது. ஒன்றிலும் மனிதர் இல்லை. ஒரு வீட்டு வாசலின் தகரப் படலை, ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றின் வளைவு, பூட்டியிருந்த பாண் கடை. பிறகு எங்கள் தெரு, எங்கள் ஸ்டூடியோவின் பெயர்ப்பலகைகூட. கடைசியில் புகையிரத நிலையம்: மேடை, உட்காரும் வாங்கு, தண்டவாளம். ஊரில் திரியும் கழுதைகள் மட்டும் சில படங்களில் நின்றன.

மாமா பார்த்துவிட்டுப் பதறினார். "என்ன புள்ள இது, ஸ்டேஷனையெல்லாம் எடுத்து வச்சிருக்கிறான்! ஆமிக்காரன் கண்டா உளவு பாக்கிறதெண்டு நம்மளையும் சேத்து ஏத்திக்கொண்டு போவான். படத்தைக் குடுத்திட்டு, இனி வரவேணாமெண்டு சொல்லு."

படம் வாங்க வந்தவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"ரோட்டையெல்லாம் ஏன் படம் எடுக்கிறீங்க?"

"தங்கச்சிக்கு" என்றார்.

"அவ வந்து பாக்க ஏலாதா?"

"இத்தாவில இருக்கிறா."

கணவன் இறந்த பிறகு முஸ்லிம் பெண்கள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. கற்பிட்டியில் வள்ளத்தால் இறங்கி, லொறியில் இங்கே வந்து சேர்ந்த கையோடு அவருடைய தங்கையின் கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். "எந்த ஊர்ல இருக்கிறமெண்டே தெரியல்ல நானா எண்டு அழுதா. அதான் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுறன். நம்பிக்கை இல்லாட்டி வந்து பாருங்க. நீங்க பொம்புளதானே, உள்ள போகலாம்."

போனேன். சின்ன அறை. என்னைவிடக் கொஞ்சம் வயது கூடிய பெண் பாயில் இருந்தார். அக்கா என்றே கூப்பிட்டேன்; அவருடைய அண்ணனை, அவரைப் போலவே, நானா என்றேன். தன் வீட்டுப் படலையில் தொடங்கி ஸ்டேஷன் வரை படங்களை வரிசையாகப் பரப்பியிருந்தார். நான் உட்காருமுன்பே ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இந்த மதிலுக்கு அங்கால என்ன இருக்கு?"

தினமும் அந்த மதிலோரமாகத்தான் நடக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன்: ஒரு கிணறு, கவிழ்த்துப் போட்ட ஒரு தோணி. "கடல்ல இருந்து இவ்வளவு தூரத்திலயா?" என்று கேட்டார். மறுபடி விசாரிக்கப் போனேன். இப்படியே அக்காவுக்காக என் சொந்தத் தெருவைத் துருவிக்கொண்டு திரிந்தேன்.

"ஏன் அக்கா ஒரு படத்திலயும் ஆக்கள் இல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நானாவுக்கு வெக்கமாம். எல்லாரும் போகுமட்டும் காத்து நிண்டுதான் எடுப்பாராம். கழுதையளுக்கு மட்டும் வெக்கப்படல்ல போல." அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஒரு காலை பாண் கடைக்காரர் ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தார். "அந்தப் படம் எடுக்கிற மனிசனை ரயில் ஸ்டேஷன் ஆமிக் காவலில பிடிச்சு வச்சிருக்கிறாங்க." மாமா உடனே முன்கதவைச் சாத்தினார். நான் பின்பக்கத்தால் அக்காவிடம் ஓடினேன்.

அக்கா அழவில்லை. போர்வையை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். படங்களைப் பையில் போட்டார். அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரப் பெண் மறித்தார். "இத்தாவில வெளிய போறதா?"

"அவசரத்துக்குப் போகலாம். அல்லாவுக்குத் தெரியும்."

அவர் முன்னே நடந்தார், நான் பின்னே. ஒரு திருப்பத்திலும் என்னிடம் வழி கேட்கவில்லை. பாண் கடையடியில் மட்டும் ஒரு கணம் நின்றார். "இது இவ்வளவு சின்னனா?" என்றார்.

ஸ்டேஷன் காவலரணில் அவருடைய நானா தலை குனிந்து இருந்தார். கமெரா மேசையில். பொறுப்பதிகாரிக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். சிங்களம் புழங்கும் சிலாபத்தில் படித்ததால் எனக்கு அது பேச வரும். அக்கா படங்களை எடுத்து, தன் வீட்டுப் பாயில் வைத்திருந்த அதே வரிசையில் மேசை நிறையப் பரப்பினார். விஷயத்தை நான் சொன்னேன். அதிகாரி படலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏன் மனிதர் ஒருவரும் இல்லை?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். "நானாவுக்கு வெக்கமெண்டு சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன். அதிகாரி நானாவை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் அந்த நிலையிலும் கூச்சத்தால் நெளிந்தார். அதைக் கண்ட பிறகுதான் அதிகாரியின் முகம் இளகியது. ஸ்டேஷன் படங்களையும் கமெராவில் இருந்த பிலிமையும் வைத்துக்கொண்டு, கமெராவைத் திருப்பித் தந்தார். இனி இந்தப் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது என்றார்.

நானா வேகமாக வீட்டை நோக்கி நடந்தார். அக்கா மெதுவாகத்தான் வந்தார். சைக்கிள்களையும் மீன் கூடைகளையும் பாடசாலைப் பிள்ளைகளையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

இத்தா முடிந்ததும் அடையாள அட்டைப் படத்துக்கு ஸ்டூடியோவுக்கு வந்தார். எடுத்து முடித்தும் எழும்பவில்லை. "உள்ள என்ன செய்றீங்க?" என்றார். இருட்டறைக்குள் கூட்டிப் போனேன். தட்டில் தன் முகம் தெளிந்து வருவதைக் குனிந்து பார்த்து, "மெலிஞ்சு போனன்" என்றார். பிறகு, "இந்தத் தண்ணிக்குள்ள என்ன போட்டிருக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். முதலில் மாமா முணுமுணுத்தார். அக்கா கமெராவுக்குப் பின்னால் நிற்கப் பழகியதும், அதுவரை ஓர் ஆண் முன்னால் இருந்து படம் எடுக்கத் தயங்கி உள்ளேயே இருந்த முகாம் பெண்கள் ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். மாமா உள்ளே ஒரு திரைச்சீலை கட்டி, அவர்களுக்கென்று இரண்டு கதிரைகளும் வாங்கிப் போட்டார்.