ஆறாவது பெயர்

ஒச்சப்பன் நேர்மையானவன் என்று மட்டாஞ்சேரியில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் சொல்லும்போது எனக்குப் பல் கூசும்.

அவனுக்குத் துப்புரவுப் பிரிவில் மஸ்டர் எழுதும் வேலை. காலை ஆறு மணிக்குத் தெருக் கூட்டுகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவான். வந்தவருக்கு ஆஜர், வராதவருக்கு வெட்டு. அந்த மஸ்டர் ஷெட் கொச்சங்காடியில், நான் வேலை பார்த்த சுக்குக் கிட்டங்கிக்கு நேர் எதிரே இருந்தது. கூட்டுகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். எழுபத்துநாலில் எவனோ ஒருவன், தமிழன் தமிழனுக்கு வராத நாளுக்கும் ஆஜர் போடுகிறான் என்று மொட்டைக் கடிதாசு எழுதிவிட்டான். விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் ஒச்சப்பனை விடவே இல்லை. அதற்குப் பிறகு நம் ஆள் ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் போயிற்று. மற்றவர்கள் பிந்தினால் "கேறி நில்லெடோ" என்று வரிசையில் விட்டுவிடுவான். இதைத்தான் நேர்மை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலத்தில் அவனுக்கு இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. எறணாகுளத்தில் பெண்கள் கல்லூரிகளுக்கிடையே பாஸ்கெட்பால் லீக் நடக்கும். அதில் ஸ்கோர் எழுதுவது அவன், ஸ்டாப்வாட்ச் பிடிப்பது நான். இளவயதில் இரண்டு பேரும் ஆடியவர்கள்தான். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு மேஜையில் உட்கார்ந்துகொண்டோம். வேலை முடிந்து மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் பிடித்தால் ஆட்டம் தொடங்குமுன் போய்ச் சேரலாம்.

லீக்கில் ஆறு கல்லூரிகள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் இரண்டு முறை மோத வேண்டும். முதல் சுற்று முடிந்ததும், லீக் செயலாளர் கமலாக்ஷி டீச்சர் ஆறு அணிகளிலும் சிறந்த ஐந்து பேரின் பெயரை வாசிப்பார். பருவம் முடிந்தபின் இன்னொரு ஐவர் பட்டியலும் உண்டு. அதற்கு ஒரு கோப்பையும் கைதட்டலும் மட்டும்தான். பாதியில் வாசிக்கும் பட்டியல்தான் பட்டியல். ஒரு வங்கி தன் பெண்கள் அணிக்கு அதிலிருந்து ஆள் எடுத்து வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஜனவரிப் போட்டிக்குள் அணி சேர வேண்டும், மார்ச் வரை காத்திருக்க முடியாது.

எழுபத்தெட்டில் அந்த லீக்கில் ஆவுடையம்மாள் ஆடினாள். எங்கள் தெருப் பெண். அவள் அம்மா சீனியம்மாள் ஒச்சப்பனின் மஸ்டரில் இருந்த துப்புரவுத் தொழிலாளி. மூச்சிரைப்புக்காரி. அப்படி இருந்தும் மகளை விளக்குமாற்றைத் தொடவிடாமல் கல்லூரியில் கடைசி வருஷம் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். இனி மகளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் தான் படுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஆவுடை உயரமில்லை. தான் கூடையில் போடுவதைவிட அடுத்தவளைப் போடவைப்பதுதான் அவள் ஆட்டம். மூன்று பேர் சுற்றி நிற்பார்கள். இவள் யாரையும் பார்க்காத மாதிரி நின்று பந்தை எங்கோ தள்ளுவாள். அங்கே சரியாக அவள் அணிக்காரி வந்து நிற்பாள். இப்படி ஆடுகிறவர்களுக்காகவே டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பந்தை வாங்கியவள் அதைத் தரையில் ஒரு தட்டுக்கு மேல் தட்டாமல் கூடையில் போட்டுவிட்டால், கொடுத்தவளுக்கும் புத்தகத்தில் ஒரு கோடு உண்டு. இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் இல்லை. ஒன்றா இரண்டா என்பது ஸ்கோர் எழுதுகிறவன் கண்ணுக்கு விட்டது. போட்ட புள்ளியையும் இந்தக் கோடுகளையும் கூட்டித்தான் ஐவரை எடுப்பார்கள்.

ஒச்சப்பன் தன் குணத்தைக் காட்டியது இங்கேதான். மற்ற பெண்களுக்குச் சந்தேகம் என்றால் ஒரு தட்டு. ஆவுடைக்குச் சந்தேகம் என்றால் இரண்டு. போகப் போகச் சந்தேகமே இல்லாத இடத்திலும் அவனுக்குச் சந்தேகம் வந்தது. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஐந்து ஆட்டத்தில் என் கண்ணில் பட்டு அவன் எழுதாமல் விட்டது மட்டும் பதினொன்று.

பட்டியல் வாசிக்கும் நாளன்று போட்டில் அவன் புத்தகத்தை மடியில் விரித்தான். நான்கு பெயரில் யாருக்கும் தகராறு இல்லை. ஐந்தாவதில் இரண்டு பேர் நெருங்கி நின்றார்கள். திருப்பூணித்துறையிலிருந்து வரும் சீதாலக்ஷ்மி அறுபத்துநாலு. ஆவுடை அறுபத்தொன்று.

"அந்த மூணு எங்கடே போச்சு? எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்" என்றேன்.

"புக்குல உள்ளதுதான் பாலையா."

"புக்க எழுதுனது யாரு, உங்க அப்பனா?"

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்ம தெருப் புள்ளடே. அவ அம்மை எம் மஸ்டர்ல நிக்கா. நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசிட்டா?"

"பேசட்டும். அவளுக்கு ஒரு ஜோலி கிட்டும்லா?"

"அவ கெட்டிக்காரி. ஜோலி எங்க போனாலும் கிட்டும்" என்று புத்தகத்தை மூடினான்.

மைதானத்தில் டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அந்த அம்மாளுக்கே சற்று நெருடியிருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஒச்சப்பன் சேட்டா, சம்சயம் ஒண்ணும் இல்லல்லோ?" என்று கேட்டார். ஒச்சப்பன் சந்தேகமே இல்லை என்றான். நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். முழுதாகச் சாவி கொடுத்திருந்த கடிகாரம் அது. வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்து பெயர் வாசித்தார்கள். ஆவுடை எல்லாருக்கும் கை தட்டிவிட்டு மேஜைக்கு வந்தாள்.

"மாமா, நான் எத்தனாவது?"

"ஆறாவது மக்கா. மூணுதான் கொறவு" என்றான் ஒச்சப்பன்.

"செரி மாமா" என்று சொல்லி, பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம்.

வங்கி அந்த ஐவரில் இரண்டு பேரை எடுத்தது. அதில் ஒருத்தி சீதாலக்ஷ்மி. நல்ல பெண், நன்றாகத்தான் ஆடினாள், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டாவது சுற்றில் ஆவுடை பேய்போல ஆடினாள். ஒச்சப்பனும் மனசு உறுத்தியோ என்னவோ, ஒரு கோடு விடாமல் எழுதினான். கடைசிப் பட்டியலில் அவள்தான் முதல் பெயர். கோப்பையை வாங்கிக்கொண்டு எங்களோடு அதே போட்டில் வந்தாள். அந்தக் கோடையில் சீனியம்மாள் படுக்கையில் விழுந்தாள். ஆவுடை பரீட்சைக்குப் போகவில்லை. அம்மாவின் வேலையை மகளுக்குத் தரலாம் என்று விதி இருந்தது, தந்தார்கள். எழுபத்தொன்பது ஜூனில் அவள் பெயர் ஒச்சப்பனின் மஸ்டரில் ஏறியது.

அடுத்த பருவத்திலிருந்து அவன் ஸ்கோர் எழுதப் போகவில்லை. கண் மங்குகிறது என்று டீச்சருக்குச் சொல்லி அனுப்பினான். பொய். ஒவ்வொரு காலையும் அந்தப் பெயர் வரும்போது மட்டும் தலையைத் தூக்காமல் கூப்பிடுவான். ஆவுடை ஒருநாளும் பிந்தியதில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று வந்த பிறகும் பிந்தியதில்லை.

எண்பத்தாறு ஜூலையில் ஒருநாள் பிந்தினாள். அடைமழை. நானும் ஷெட்டுக்குள் ஒதுங்கி நின்றிருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இருபது நிமிஷம் கழித்து ஓடிவந்தாள். ஒச்சப்பன் அவளுக்கு ஆஜர் போட்டு வைத்திருந்தான். அவன் ஆயுசில் பொய்யாகப் போட்ட ஒரே ஆஜர் அதுதான்.

கையெழுத்துப் போடக் குனிந்தவள் நிமிர்ந்தாள். "மாமா, இருவது நிமிஷம் லேட்டு. அரை நாள் வெட்டணும்."

"போட்டாச்சு மக்கா. போ, யாரு கேக்கப் போறா?"

"வேண்டாம் மாமா" என்றாள். சத்தமே போடவில்லை. "இல்லாதத எனக்குப் போட வேண்டாம். அன்னைக்கு இருந்ததப் போட்டிருந்தா போதும். பதினாலு பாஸ். நானும் எண்ணிக்கிட்டேதான் ஆடுனேன்."

ஒச்சப்பன் ஆஜரை அடித்து அரை நாள் என்று எழுதினான். அவள் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "வாறேன் பாலையா மாமா" என்று எப்போதும்போல என்னிடமும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள். அந்த மேஜையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது அவளுக்கு மறந்திருக்காது.